செம்மண்ணும் நீலக்களியும்: களிக்கனிமத்துள் இரும்பு புகும் வகை

முன்னுரை

சுங்கை சோ வட்டாரத்துத் தோட்டப்புறங்களில் வளர்ந்தோர்க்குச் செம்மண் சடக்கைப் பற்றி எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. வெயில் நாளில் ஒரு லாரி கடந்து சென்றால் ஓரத்துச் செடிகளின் இலையெல்லாம் செந்தூள் படியும். மழை நாளில் பள்ளிக்கு நடந்து செல்லும் பிள்ளைகளின் வெண்காலுறை கணுக்கால்வரை சிவக்கும். எத்துணைச் சவர்க்காரம் இட்டுத் துவைத்தாலும் அக்கறை முற்றும் நீங்குவதில்லை.

அங்கிருந்து மேற்கு நோக்கி ஏறத்தாழ ஒரு மணி நேரம் பயணம் செய்தால் கோல சிலாங்கூரை அடைகிறோம். ஆற்றுமுகத்தில் அலையாத்திக் காடுகள் நிற்கின்றன. அவற்றின் வேர்களுக்கு இடையே கிடக்கும் சேற்றில் செம்மை சிறிதும் இல்லை. அது கருமையும் நீலச்சாம்பலும் கலந்து தோன்றுகிறது. ஒரு கோலால் கிளறினால் அழுகிய முட்டையின் நாற்றம் எழுகிறது.

சுங்கை சோவும் செரண்டாவும் பத்தாங்காலியும் சிலாங்கூர் ஆற்றின் வடிநிலத்தைச் சேர்ந்தவை. மலைப்பக்கத்து மழைநீர் வாரிக்கொண்டு செல்லும் மண்ணின் ஒரு பகுதி அந்த ஆற்றின் வழியே கோல சிலாங்கூர்க் கரையில் சென்று படிகிறது. அங்ஙனமாயின் மேட்டில் சிவப்பாக இருந்த மண் கரையில் நீலமாகவும் கருப்பாகவும் மாறுவது எவ்வாறு? வகுப்பறையில் ஒரு மாணவர் இவ்வினாவை எழுப்பினால், "மேட்டு மண்ணில் இரும்பு உண்டு, கரைச் சேற்றில் இரும்பு இல்லை" என்று விடை கூறிவிடுதல் எளிது. அவ்விடையின் முற்பகுதி சரியானது. பிற்பகுதி பிழையானது. அந்தப் பிழை ஏட்டளவில் நின்றுவிடுவதன்று, நிலத்தையும் நீரையும் கெடுக்க வல்லது. அஃது எவ்வாறு என்பதை இக்கட்டுரையில் படிப்படியாகக் காண்போம்.

1. களிக்கனிமம் என்பது யாது?

நாம் அன்றாட வழக்கில் களிமண் என்பது பிசைந்தால் ஒட்டுகின்ற, உலர்ந்தால் இறுகுகின்ற மண்ணை. அறிவியலார் களி என்னும்போது முதலில் அளவைக் கருதுகின்றனர். 0.002 மில்லிமீட்டருக்கும் குறைந்த துகள்களே களித்துகள்கள். அத்துகள்களுட் பெரும்பாலானவை தாள்தாளாக அடுக்கப்பட்ட கனிமங்கள். இவற்றையே களிக்கனிமங்கள் என்கிறோம்.

ஒவ்வோர் அடுக்கும் இருவகைத் தாள்களால் ஆனது. முதல்வகை நான்முகித் தாள். அதில் ஒரு சிலிக்கன் அணுவை நான்கு உயிர்வளி அணுக்கள் சூழ்ந்து நிற்கும். இரண்டாம்வகை எண்முகித் தாள். அதில் அலுமினியம், மக்னீசியம், இரும்பு ஆகியவற்றுள் ஒன்று நடுவே அமர, ஆறு உயிர்வளி அல்லது ஐதராக்சில் தொகுதிகள் சூழ்ந்து நிற்கும்.

ஒரு நான்முகித் தாளும் ஓர் எண்முகித் தாளும் சேர்ந்த அடுக்கினை உடையது கயோலினைட்டு. அதன் அடுக்கு ஏறத்தாழ 0.7 நானோமீட்டர் தடிப்புடையது. இரு நான்முகித் தாள்களுக்கு நடுவே ஓர் எண்முகித் தாள் அமைந்தால், இரு ரொட்டித் துண்டுகளுக்கிடையே காயா தடவியதுபோன்ற அமைப்புக் கிடைக்கிறது. இவ்வமைப்புடைய ஸ்மெக்டைட்டு வகையின் அடுக்குகளுக்கிடையே நீர் புகும். ஆகவே அது நனைந்தால் வீங்கும், உலர்ந்தால் வெடிக்கும்.

நடுத்தாளின் இடங்களில் பெரும்பாலும் அலுமினியமே அமர்வது வழக்கம். அவ்விடங்களைப் பெருமளவு இரும்பு பிடித்துக்கொண்டால் அதனை இரும்புச்செறிவுக் களிக்கனிமம் என்கிறோம். ஸ்மெக்டைட்டு வகையில் இவ்வாறு அமைந்தது நொன்ட்ரோனைட்டு. பிரான்சு நாட்டின் நொன்ட்ரோன் என்னும் ஊரின் பெயரால் 1827 இல் பியேர் பெர்த்தியே என்பவர் இதற்குப் பெயரிட்டார். அவர் பெயரையே பின்னர் மற்றோர் இரும்புக்களி பெற்றது. அது பெர்த்தியரைன். கிளாக்கோனைட்டு, செலடோனைட்டு என்னும் பச்சைநிறக் கனிமங்களும் இக்குடும்பத்தைச் சார்ந்தவையே.

2. மேட்டு நிலத்துச் செம்மண்: ஒட்டிய இரும்பு

சுங்கை சோவின் செம்மண் இத்தகைய இரும்புக்களிதானோ என்று கேட்டால், அன்று என்பதே விடை.

உலு சிலாங்கூரின் கிழக்கெல்லையில் தீபகற்பத்தின் முதுகெலும்பாய் நிற்பது கருங்கல் மலைத்தொடர். கருங்கல்லின் மீது ஆண்டுக்கு 2000 மில்லிமீட்டருக்கும் மிகுந்த மழை, பல்லாயிரமாண்டுகளாய் வெப்பத்தோடு கூடிப் பெய்து வந்துள்ளது. கல்லிலிருந்த சோடியம், கால்சியம், பொட்டாசியம் ஆகியவற்றை நீர் கரைத்து எடுத்துச் சென்றது. சிலிக்காவிலும் ஒரு பகுதி கரைந்து போயிற்று. கரையாது எஞ்சியவை அலுமினியமும் இரும்பும். அலுமினியம் எஞ்சிய சிலிக்காவுடன் கூடிக் கயோலினைட்டு ஆயிற்று. இரும்பு உயிர்வளியுடன் கூடித் துரு ஆயிற்று.

இத்துரு இருவகைப்படும். சிவப்பு நிறமுடையது ஹேமடைட்டு. மஞ்சட்பழுப்பு நிறமுடையது கோதைட்டு. ஜெர்மானியக் கவிஞர் கோதேயைச் சிறப்பிக்கும் பொருட்டு இடப்பட்ட பெயர் அது. இலக்கியம் பயில்வோர் ஆய்வுக்கூடத்தில் சந்திக்கும் பெயர்களுள் இஃதொன்று. இத்துருத் துகள்கள் கயோலினைட்டின் மேல் மெல்லிய பூச்சாகப் படிந்துள்ளன. சுவரின் மேல் பூசிய காவி சுவரின் செங்கல் ஆகாததுபோல, இந்த இரும்பும் களிக்கனிமத்தின் உடலில் சேர்ந்ததன்று. ஆய்வுக்கூடத்தில் தக்க வேதிப்பொருளால் துருவை மட்டும் கரைத்து நீக்கினால் அடியிலிருந்து வெளிறிய களி வெளிப்படுகிறது.

இந்தத் துரு மிகுந்து இறுகியதே செம்பூராங்கல். 1807 இல் வெளியான தம் பயண நூலில் பிரான்சிஸ் புக்கானன், மலபாரின் அங்காடிப்புரத்தில் மக்கள் இக்கல்லைச் செங்கல்போல் வெட்டி வீடு கட்டியதைக் கண்டு, செங்கல்லைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து லேட்டரைட்டு என்னும் பெயரை ஆக்கினார். இன்று உலகெங்கும் மண்ணியலார் வழங்கும் அச்சொல் தென்னிந்திய மண்ணிற் பிறந்தது.

செம்மண்ணைப் பற்றிப் பேசுகையில் செம்புலப்பெயனீராரை நினையாதிருத்தல் இயலாது. குறுந்தொகையின் 40 ஆம் பாடலைப் பாடியவரின் இயற்பெயர் அறியப்படாமையால், அவர் கையாண்ட உவமையே அவர்க்குப் பெயராயிற்று. செந்நிலத்தில் வீழ்ந்த மழைநீர் அந்நிலத்தின் நிறத்தையே பெற்றுவிடுதல் நாம் அறிந்ததே. ஆயினும் அறிவியல் நோக்கில் ஒன்று கூற வேண்டும். அந்நீரை ஒரு கண்ணாடிக் குவளையில் அசையாமல் வைத்திருந்தால், துகள்கள் மெல்ல அடியிற் படிய, நீர் மேலே தெளியும். இரும்பு நீரில் கரையவில்லை, மிதந்துகொண்டு மட்டுமே இருந்தது. இந்தக் கரையாமையே இனி வரும் எல்லாவற்றுக்கும் திறவுகோல்.

3. இரும்பின் இரு நிலைகள்

இரும்பு மண்ணில் இரு நிலைகளில் இருக்கிறது. மூன்று எலக்ட்ரான்களை இழந்து நிற்பது மூவிணைதிற இரும்பு. இரண்டை மட்டும் இழந்து நிற்பது ஈரிணைதிற இரும்பு. ஓர் எலக்ட்ரானே வேறுபாடு. ஆயினும் குணத்தில் இரண்டும் நெடுந்தொலைவு விலகியவை.

உயிர்வளி உள்ள இடத்தில் இரும்பு மூவிணைதிற நிலையை அடைகிறது. புளிப்போ காரமோ மிகாத சாதாரண நீரில் அது கரைவதே இல்லை என்று கூறுமளவுக்குக் கரைதிறன் குறைந்தது. தோன்றிய உடனே துருவாகப் படிந்துவிடும். உயிர்வளி அற்ற இடத்திலோ ஈரிணைதிற இரும்பு நீரில் நிறமின்றிக் கரைந்து ஓடும். ஆழ்குழாய்க் கிணற்று நீரை வாளியில் பிடித்துவைத்த வீடுகளில் இதனைக் கண்டிருப்போம். பிடிக்கும்போது பளிங்குபோல் இருந்த நீர் சில மணி நேரத்தில் பழுப்பேறி, வாளியின் உட்புறத்தில் துருக்கறை படியும். நீரில் மறைந்திருந்த ஈரிணைதிற இரும்பு, காற்றின் உயிர்வளியால் மூவிணைதிற நிலைக்கு மாறியதே அதற்குக் காரணம்.

களிக்கனிமம் தோன்ற வேண்டுமாயின் இரும்பும் சிலிக்காவும் கரைசலில் சந்தித்து, முறையாக அடுக்கப்பட வேண்டும். துருவாகிப் படிந்துவிட்ட இரும்பு அங்ஙனம் சந்திக்க இயலாது. ஆகவே இரும்புக்களி தோன்றுதற்குரிய முதல் நிபந்தனை, சிறிது காலமேனும் உயிர்வளி அற்ற சூழல்.

இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. எண்முகித் தாளின் இடங்களில் அமரும் அயனிகளின் ஆரத்தை நோக்குவோம். அலுமினியம் ஏறத்தாழ 0.054 நானோமீட்டர், மூவிணைதிற இரும்பு 0.064, மக்னீசியம் 0.072, ஈரிணைதிற இரும்பு 0.078. ஈரிணைதிற இரும்பு மக்னீசியத்தை ஒத்த பருமனும் அதே மின்சுமையும் உடையது. மக்னீசியம் எளிதில் எண்முகித் தாளாக விரியும் இயல்புடையது, ஈரிணைதிற இரும்பும் அவ்வாறே விரிகிறது. அத்தாளின் மீது சிலிக்கா வந்து பொருந்தினால் களியின் அடுக்கு பிறக்கிறது.

4. இரும்பை நாடும் மூவர்

இதுவரை கண்டதைத் தொகுத்தால், இயற்கையில் இரும்பை மூவர் நாடுகின்றனர் எனலாம். முதலாமவர் உயிர்வளி, இரண்டாமவர் கந்தகம், மூன்றாமவர் சிலிக்கா. உயிர்வளி மிகுந்த இடத்தில் இரும்பு துருவாகிறது. உயிர்வளி அற்று, ஐதரசன் சல்பைடு மிகுந்த இடத்தில் அது கந்தகத்துடன் கூடிப் பைரைட்டு என்னும் கனிமமாகிறது. இவ்விருவரும் வலுவிழந்த இடத்தில் மட்டுமே சிலிக்காவுக்கு இரும்பு கிட்டுகிறது. இரும்புக்களி எங்கும் மிகுதியாகக் கிடைக்காமைக்கு இதுவே காரணம்.

சிலிக்கா வென்ற இடங்கள் சிலவற்றைக் காண்போம். பசிபிக் பெருங்கடலில் காலாபகோஸ் தீவுகளுக்கு அருகேயும், செங்கடலின் ஆழத்தில் வெந்நீர் ஊறும் பள்ளங்களிலும் நொன்ட்ரோனைட்டு கண்டெடுக்கப்பட்டுள்ளது. எரிமலைப் பாறையினூடே ஏறிவரும் வெந்நீர் ஈரிணைதிற இரும்பையும் சிலிக்காவையும் ஏந்தி வருகிறது. கடலடியில் குளிர்ந்த நீரைச் சந்திக்கும் எல்லையில் இரண்டும் கூடிக் களியாகின்றன.

வெப்பமண்டல ஆற்றுமுகங்களுக்கு அப்பால், ஆழங்குறைந்த கடலடியில், ஆறு கொண்டுவந்த துரு சிறிது சிறிதாய் ஈரிணைதிற இரும்பாக மாறிப் பசுங்களியாகிறது. இவ்வகையுள் ஒன்று 1988 இல் ஓடினைட்டு என்று பெயர் பெற்றது. அக்களிகளை ஆராய்ந்த பிரெஞ்சு அறிஞர் ஓடினின் பெயர் அது.

இன்னும் ஆழத்தில், வண்டல் மெல்ல மெல்லவே படியும் இடங்களில் தோன்றுவது கிளாக்கோனைட்டு. கடற்புழுக்களின் கழிவுருண்டைகள், நுண்ணுயிர்களின் வெற்றோடுகள் ஆகியவற்றின் உட்புறம் உயிர்வளி குறைந்த சிற்றறையாக அமைகிறது. அதனுள் முதலில் இரும்பு ஸ்மெக்டைட்டு தோன்றுகிறது. பின்னர்க் கடல்நீரின் பொட்டாசியம் அடுக்குகளுக்கிடையே புகுந்து அவற்றைப் பிணைக்கிறது. ஒரு மணி முதிர்வதற்குப் பல்லாயிரம் ஆண்டு முதல் பத்து இலட்சம் ஆண்டுவரை ஆகலாம். ஆதலின் பாறையில் பச்சை மணிகளைக் காணும் நிலவியலார், அங்கு ஒருகாலத்தில் கடல் நெடுங்காலம் அமைதியாக நின்றது என்று உணர்கின்றனர்.

தமிழகத்திலும் இதற்குச் சான்று உண்டு. கங்கைகொண்ட சோழபுரத்தைக் காணச் செல்வோர் அரியலூர் மாவட்டத்துக்குச் செல்கின்றனர். அதனை அடுத்த பெரம்பலூர் மாவட்டத்துக் காரை என்னும் ஊரில், மழை அரித்த மொட்டை மேடுகளாய்க் கிடக்கும் களிப்பாறைகளில் கிளாக்கோனைட்டு உள்ளது. அவை கிரிடேசியக் காலத்தவை. இன்று கடலிலிருந்து வெகுதொலைவில் உள்ள அவ்விடம் அன்று கடலடியாக இருந்தது. இலக்கியத்தில் திணை மயக்கம் கண்ட நாம், நிலத்திலும் அது நிகழ்ந்திருப்பதை அங்கே காண்கிறோம்.

5. ஆய்வுக்கூடத்தில் களி சமைத்தல்

இயற்கையில் நெடுங்காலம் நிகழ்வதை ஆய்வுக்கூடத்தில் சில வாரங்களில் நிகழ்த்திக் காட்டினாலன்றி, மேற்கூறிய விளக்கம் ஊகமாகவே நின்றுவிடும். அதனை நிகழ்த்தியோர் உளர்.

இரும்பின் உப்புக்கரைசலையும் சோடியம் சிலிக்கேட்டுக் கரைசலையும் கலந்தால் கூழ்போன்ற படிவு உண்டாகும். அதில் இரும்பும் சிலிக்காவும் நெருங்கியிருக்கும், ஆனால் ஒழுங்காக அடுக்கப்பட்டிரா. அதனை நீரில் வைத்து முதிரவிட வேண்டும். ஒழுங்கு பிறந்துவிட்டதா என்பதை ஊடுகதிர்களைச் செலுத்தி அறிகின்றனர். அடுக்குகள் சீராக அமைந்திருந்தால் கதிர்கள் குறித்த கோணங்களில் மட்டும் வலுத்துத் திரும்பும். அக்கோணத்திலிருந்து அடுக்கின் தடிப்பைக் கணக்கிடலாம்.

1976 இல் ஜெர்மனியின் ஹெர்மன் ஹார்டர் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் குறிப்பிடத்தக்கது. அறை வெப்பநிலையை ஒத்த குளிர்ந்த நிலையிலேயே நொன்ட்ரோனைட்டைத் தோற்றுவிக்க இயலும் என்று அவர் காட்டினார். ஆயின் ஒரு நிபந்தனை இருந்தது. தொடக்கத்தில் இரும்பு ஈரிணைதிற நிலையில் இருத்தல் வேண்டும், சூழல் உயிர்வளி குன்றியதாக இருத்தல் வேண்டும். 1980களில் பிரான்சின் அலேன் டெக்காரோவும் அவரோடு இயைந்தோரும் இதனை மேலும் விரிவாக ஆராய்ந்தனர். ஈரிணைதிற இரும்பு முதலில் அடுக்கின் அச்சை அமைத்துத் தந்தது. பின்னர் உயிர்வளி பட்டபோது, அமைந்த இடத்திலேயே இரும்பு மூவிணைதிற நிலைக்கு மாறியது. துருவாக ஓடிவிடுவதற்கு அதற்கு வழி இல்லை. அது முன்பே கட்டுண்டுவிட்டது.

மூவிணைதிற இரும்பிலிருந்தே தொடங்கினால் களி கிட்டாதா? கிட்டும். ஆனால் வெப்பமும் காரமும் துணைநிற்க வேண்டும். 2008 இல் வெளியான டெக்காரோ குழுவினரின் ஆய்வில், காரத்தன்மை மிகுந்த நீரில் 75 முதல் 150 பாகை செல்சியஸ் வரையிலான வெப்பத்தில் மூவிணைதிற நொன்ட்ரோனைட்டு உருவாக்கப்பட்டது. எனவே இரு வழிகளும் உண்டு என அறிகிறோம். குளிர்ந்த கடலடியிலும் சேற்றிலும் இயற்கை நாடுவது பெரும்பாலும் முதல் வழியை.

இவ்வாய்வுகளின் பயன் நம் உலகோடு முடிவதில்லை. 2005 இல் ஐரோப்பிய விண்கலம் ஒன்றின் கருவி, செவ்வாய்க் கோளின் மிகப் பழைய பாறைகளில் இரும்பு ஸ்மெக்டைட்டு இருப்பதை வெளிப்படுத்தியது. செவ்வாயின் மேற்பரப்பு துருவால் சிவந்தது என்பதை நெடுங்காலமாக அறிவோம். துரு மட்டுமே என்றால் சிறிதளவு ஈரமே போதும். களி என்றாலோ நீர் பாறையுடன் நெடுங்காலம் உறவாடியிருத்தல் வேண்டும். ஆய்வுக்கூடத்துக் கூழிலிருந்து கற்ற பாடம் வேற்றுக்கோளின் பழங்காலத்தைப் படிக்க உதவுகிறது.

6. நெல்வயலில் மூச்சுவிடும் நுண்ணுயிர்

மீண்டும் நம் மாநிலத்துக்கு வருவோம். தஞ்சோங் காராங், செகிஞ்சான் வயல்களில் நீர் கட்டியவுடன் மண்ணிலுள்ள உயிர்வளியை நுண்ணுயிர்கள் விரைவில் தீர்த்துவிடுகின்றன. நாம் உண்ட உணவிலிருந்து வெளிப்படும் எலக்ட்ரான்களை இறுதியில் ஏற்றுக்கொள்வது நாம் மூச்சில் இழுக்கும் உயிர்வளியே. உயிர்வளி கிட்டாத சில நுண்ணுயிர்கள் அவற்றை இரும்பிடம் ஒப்படைத்து வாழ்கின்றன. அவை இரும்பையே மூச்சாகக் கொண்டவை எனலாம். அதனால் மூவிணைதிற இரும்பு ஈரிணைதிற இரும்பாகிறது. மண் சாம்பல் நிறம் பெறுகிறது.

இவை துருவை மட்டுமே நாடுகின்றன என்றே முன்னர்க் கருதப்பட்டது. 1996 இல் வெளியான ஆய்வு, ஷெவனெல்லா என்னும் நுண்ணுயிர் ஸ்மெக்டைட்டின் உடலுக்குள் கட்டுண்ட இரும்பையும் மாற்ற வல்லது என்று காட்டியது. அவ்வாறு மாறும்போது அடுக்கின் எதிர்மின்சுமை கூடுகிறது, வீங்குதிறன் குறைகிறது, பொட்டாசியம் போன்ற ஊட்டங்களை அடுக்குகள் இறுகப் பற்றுகின்றன. 2004 இல் வெளியான மற்றோர் ஆய்வில், அதே நுண்ணுயிரின் செயலால் நொன்ட்ரோனைட்டு பதினான்கு நாட்களில், அறை வெப்பநிலையிலேயே, இல்லைட்டு என்னும் வேறொரு களியாகத் தொடங்கியது. உயிரின் துணையின்றி இம்மாற்றத்துக்கு மிகுந்த வெப்பமும் அழுத்தமும் தேவை.

7. கரைச்சேறு: கந்தகம் கவர்ந்த இரும்பு

இனி நம் முதல் வினாவுக்குத் திரும்புவோம். கோல சிலாங்கூர் அலையாத்திக் காட்டுச் சேற்றில் இரும்பு என்னவாயிற்று?

ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 2.7 கிராம் சல்பேட்டு உண்டு. உதிர்ந்த இலையும் வேரும் உயிர்வளியற்ற சேற்றில் மட்கும்போது, ஒருவகை நுண்ணுயிர்கள் அச்சல்பேட்டைச் சல்பைடாக மாற்றுகின்றன. நாம் முகர்ந்த அழுகிய முட்டை நாற்றம் அதுவே. ஆறு கொண்டுவந்த செம்மண்ணின் துரு அங்கே கரைந்து, கந்தகத்தால் கவரப்பட்டு, பைரைட்டாகிச் சேற்றில் நுண்மணிகளாய்ப் படிகிறது. எனவே அச்சேற்றில் இரும்பு இல்லை என்பது பிழை. இரும்பு இருக்கிறது, உருமாறி மறைந்திருக்கிறது.

நீரின் கீழ் இருக்கும்வரை இதனால் யாதொரு தீங்கும் இல்லை. நிலத்தை வடித்துத் தோட்டமாக்கும்போதுதான் இடர் தொடங்குகிறது. கோல சிலாங்கூர் மாவட்டம் மலேசியச் செம்பனையின் பிறப்பிடம். பெயரில் தென்னைமரத்தைத் தாங்கிய தெனமாரம் தோட்டத்தில் 1917 இல் ஆன்றி ஃபோக்கோனியே என்னும் பிரெஞ்சுக்காரர் இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனைப் பயிரைத் தொடங்கினார். பின்னர்க் கரையோரத் தாழ்நிலங்களும் கரைகட்டி, வடிகால் வெட்டி, மதகு வைத்துப் பயிருக்குக் கொண்டுவரப்பட்டன. அந்நிலங்களுட் பெரும்பகுதி வளமான கடற்களி. ஆயின் பைரைட்டு மிகுந்த இடங்களில் வடிகால் ஆழமானபோது காற்று உள்ளே புகுந்தது. பைரைட்டு உயிர்வளியுடன் கூடித் துருவாகவும் கந்தக அமிலமாகவும் பிரிந்தது. மண்ணின் அமில அளவெண் 3.5 க்கும் கீழ் இறங்கியது. அது சமையலறைக் காடிக்கு நெருங்கிய புளிப்பு. இத்தகைய மண்ணை அமிலச் சல்பேட்டு மண் என்பர். கேரளத்துக் குட்டநாட்டின் கரிநிலங்களும் இவ்வகையினவே.

இதன் அடையாளம் வைக்கோல் மஞ்சள் நிறப் புள்ளிகளும் தடங்களும். ஜாரோசைட்டு என்னும் இரும்புக் கனிமம் அது. அமிலம் களிக்கனிமங்களையும் அரித்து, அவற்றினுள் கட்டுண்டிருந்த அலுமினியத்தை விடுவிக்கிறது. அந்த அலுமினியம் வேர்களை நலிவிக்கிறது. மழை பெய்யும்போது வடிகால் வழியே ஓடி மீன்களையும் கொல்கிறது. இங்கே நாம் பிள்ளைகளுக்கு அழுத்திக் கூறவேண்டிய ஒன்று உண்டு. கரைந்த அலுமினியம் கலங்கலைத் திரட்டிப் படியச் செய்வதால், இத்தகைய வடிகாலின் நீர் மிகத் தெளிவாகத் தோன்றும். கலங்கிய நீர் கெட்டது, தெளிந்த நீர் நல்லது என்னும் நம் பொதுவான எண்ணம் இவ்விடத்தில் பொய்க்கிறது. அத்தெளிவு நீரின் தூய்மையால் வந்ததன்று, புளிப்பால் வந்தது.

இதற்குரிய தீர்வும் மலாயா மண்ணிலேயே ஆராயப்பட்டது. 1968 இல் புளூம்ஃபீல்டு, கூல்டர் முதலியோர் மலாயாவின் அமிலச் சல்பேட்டு மண்ணில் செம்பனை பற்றிய ஆய்வினை வெளியிட்டனர். அதனைத் தொடர்ந்த பணிகளால் தெளிவானது இது: சுண்ணாம்பு இடுதலினும் நீர்மட்டத்தைக் காத்தலே முதன்மையானது. பைரைட்டு அடுக்குக்கு மேலாக, நிலப்பரப்பிலிருந்து ஏறத்தாழ 45 முதல் 60 சென்டிமீட்டர் ஆழத்தில் நீரை நிறுத்தினால் செம்பனை வேருக்குக் காற்றும் கிட்டும், பைரைட்டும் உறங்கிக்கிடக்கும். மதகை எப்போது திறப்பது, எப்போது மூடுவது என்னும் சிறு முடிவில் ஒரு தோட்டத்தின் விளைச்சலும் ஓர் ஓடையின் மீன்வளமும் அடங்கியுள்ளன. வடிகால் தூர்வாரிய சேற்றைக் கரையில் குவித்துக் காயவிடுதலும் இக்காரணத்தாலேயே எண்ணிச் செய்யத்தக்கது.

8. வகுப்பறைக்கு இரு சோதனைகள்

இவற்றை ஆசிரியர்கள் செலவின்றிச் செய்து காட்டலாம்.

முதற்சோதனை: ஒரு கண்ணாடிப் புட்டியில் செம்மண்ணை இட்டு, நறுக்கிய காய்ந்த இலையும் ஒரு தேக்கரண்டிச் சர்க்கரையும் கலந்து, விளிம்புவரை நீர் ஊற்றுக. மூடியை இறுக்காது தளர்வாக வைக்க. வளி வெளியேற இடம் வேண்டும். இதேபோல் மற்றொரு புட்டியில் இலையும் சர்க்கரையும் இன்றி மண்ணும் நீரும் மட்டும் வைக்க. வாரந்தோறும் இரண்டின் நிறத்தையும் மாணவர்கள் குறித்து வரட்டும். முதற்புட்டியின் அடிமண் நாளடைவில் செம்மை மங்கிச் சாம்பல் நோக்கி நகரும். நுண்ணுயிர்கள் இரும்பை மாற்றியதன் அடையாளம் அது.

இரண்டாம் சோதனை: கரைச்சேறு கிடைக்கும் பள்ளிகள் ஒரு கைப்பிடியை மெல்லிய வில்லையாகத் தட்டி, ஈரம் முற்றும் உலராதவாறு நிழலில் வைக்க. முதல் நாளும், பின்னர் இரு வாரத்துக்கொருமுறையும் சிறிதளவை நீரில் கலக்கி லிட்மசுத் தாளால் சோதிக்க. எட்டு வாரத்துக்குள் நீலத்தாள் வரவரத் தெளிவாகச் சிவந்தால் அச்சேற்றில் பைரைட்டு இருந்தது எனக் கொள்ளலாம். மண்ணியலார் மேற்கொள்ளும் சோதனையின் எளிய வடிவம் இது. சேற்றைக் கையாண்டபின் கைகளைக் கழுவுதல் வேண்டும்.

நிறைவுரை

நாம் கண்டவற்றை மூன்று தொடர்களில் அடக்கலாம். மேட்டுச் செம்மண்ணில் இருப்பது களியின்மேல் ஒட்டிய இரும்பு. கடலடிப் பசுங்களியில் இருப்பது களிக்குள் கட்டுண்ட இரும்பு. கரைச்சேற்றில் இருப்பது கந்தகத்தோடு மறைந்த இரும்பு. மூன்றும் ஒரே இரும்பே. உயிர்வளி உண்டா இல்லையா, கந்தகம் உண்டா இல்லையா, காலம் எவ்வளவு என்பவற்றைப் பொறுத்து அது துணையை மாற்றிக்கொள்கிறது.

ஆகவே, "இந்தச் சேறு ஏன் சிவப்பாக இல்லை?" என்று ஒரு மாணவர் கேட்டால், "இதில் இரும்பு இல்லை" என்று முடித்துவிடாமல், "இரும்பு இங்கே வேறு உருவில் இருக்கலாம், காற்றுப் பட்டால் என்ன ஆகிறதென்று பார்ப்போம்" என்று கூறுவோம். முதல் விடை அவரை வினாவோடு நிறுத்திவிடும். இரண்டாம் விடை ஒரு கைப்பிடிச் சேற்றோடு அவரை எட்டு வாரம் உற்றுநோக்க வைக்கும். தோட்டப்புறத்துப் பிள்ளைகளுக்கு மண் புதிதன்று. அம்மண்ணைத் தம் மொழியில் கற்கவும் ஆராயவும் வழிசெய்தல் நம் கடன்.